கடை நம்முடையது, சாவி யாரிடம்?

இணையத்தில் கடை வைத்திருக்கும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை



இரவு கடை அடைக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? ஷட்டரை இறக்கி, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டு, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறோம். சாவிக் கொத்து நம்மிடமே இருக்கும். இருபது வருடம் நம்மிடம் வேலை பார்த்த நம்பிக்கையான ஆளாக இருந்தாலும், வேலையை விட்டு ஊருக்குப் போகும் அன்று சாவியை வாங்கிக்கொண்டுதான் அனுப்புவோம். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமாகவே வந்துவிட்டது.

ஆனால் இன்று நம்மில் பலருக்கு இன்னொரு கடையும் இருக்கிறது. வாடிக்கையாளர் செல்போனிலேயே சாமான் பட்டியல் போடும் இணையதளம், விலைப்பட்டியல், பில் போடும் மென்பொருள், பற்று வரவுக் கணக்கு என்று எல்லாம் அங்கே போய்விட்டன. அந்தக் கடையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அதனால் நான் பட்ட பாட்டை மற்ற வணிகர்கள் படக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முன் நின்றுபோன கடை

2020 ஊரடங்கின்போது எங்கள் மளிகைக் கடைக்கு ஆட்கள் வரமுடியவில்லை. கம்ப்யூட்டர் படித்த உறவுக்காரத் தம்பி ஒருவர், வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே பட்டியல் அனுப்ப ஒரு இணையதளம் செய்து கொடுத்தார். பிறகு அதிலேயே பற்றுக் கணக்கையும் ஏற்றினார். சுற்று வட்டாரத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் அன்றன்றைய விலையை அதில் பார்த்துச் சரக்குச் சொல்வார்கள். வியாபாரம் நன்றாக நடந்தது. பழைய பற்று நோட்டை நாங்கள் பரணில் போட்டுவிட்டோம்.

2022-ல் அந்தத் தம்பிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மகிழ்ச்சியாக வழியனுப்பி வைத்தோம். அவருடைய கார்டிலிருந்து மாதாமாதம் போகும் கட்டணத்தைக் கணக்குப் பார்த்து அவருக்கு அனுப்பிவிடுவோம்.

2023 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது இணையதளம் நின்றுவிட்டது. திறந்தால் வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. தம்பியின் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை. அவருடைய அப்பாவைப் பிடித்துப் புது நம்பர் வாங்கிப் பேசினேன்.

“அண்ணாச்சி, அந்தக் கணக்கை என் பழைய மெயிலில்தான் திறந்திருந்தேன். பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை. ஓ.டி.பி. கேட்டால் பழைய நம்பருக்குத்தான் போகும். அந்த சிம்மும் இப்போது இல்லை” என்றார். கார்டு காலாவதியாகி வங்கி புதுக் கார்டு அனுப்பியிருக்கிறது. பழைய கார்டில் பணம் பிடிக்க முடியாமல் நிறுவனம் பலமுறை எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. அவ்வளவும் யாரும் திறந்து பார்க்காத அந்தப் பழைய மெயிலுக்கே போயிருக்கிறது.

நான் நிறுவனத்துக்கு எழுதினேன். கடை என்னுடையது, பணம் கொடுத்ததும் நான்தான் என்றேன். “கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கேட்கவேண்டும்” என்று பதில் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். யாரோ ஒருவர் வந்து உங்கள் கிட்டங்கிச் சரக்கு தன்னுடையது என்று சொன்னால் திறந்துவிடுவார்களா?

தீபாவளிச் சமயம்தான் பாக்கி வசூலாகும் நேரம். யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற விவரம் எல்லாம் அந்தப் பூட்டிய கணக்குக்குள் இருந்தது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, “உங்கள் பாக்கி எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்” என்று கேட்கவேண்டிய நிலைமை. பெரும்பாலோர் நேர்மையாகச் சொன்னார்கள். அதை நான் என்றும் மறக்கமாட்டேன். சிலர் குறைத்துச் சொன்னார்கள், ஒருசிலர் போனே எடுக்கவில்லை. ஒன்பதாம் நாள், தம்பியின் வீட்டுப் பரணில் கிடந்த பழைய லேப்டாப்பில் அந்த மெயில் மூடப்படாமல் இருந்ததால் கணக்கு மீண்டது. அந்த லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

தம்பி மேல் தப்பில்லை. அவர் உதவிதான் செய்தார். கடையை அவர் பெயரில் திறக்கவிட்டதும், ஊருக்குப் போனபோது சாவியை வாங்காமல் விட்டதும் நான் செய்த தப்பு.

‘மேகம்’ என்றால் என்ன?

கிளவுட் என்றும் மேகம் என்றும் சொல்வதைக் கேட்டு மலைக்க வேண்டாம். இது வாடகைக் கிட்டங்கிதான். பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைக் கட்டடங்களில் அடுக்கி, இடத்தையும் ஓட்டத்தையும் நமக்கு வாடகைக்கு விடுகின்றன. அமேசான் நிறுவனம் 2006-ல் இந்த வியாபாரத்தைத் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் 2015-ல் இந்தியாவில் கிட்டங்கிகள் திறந்தபோது அதில் ஒன்றைச் சென்னையில் வைத்தது. அமேசான் 2016-லும் கூகுள் 2017-லும் மும்பையில் திறந்தன. நமது பற்றுக் கணக்கு வானத்தில் இல்லை. மும்பையிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஒரு கட்டடத்தில்தான் இருக்கிறது.

கட்டடத்துக்குக் காவல், தீயணைப்பு, மின்சாரம் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. நம் அறைக்கு யார் யாரிடம் சாவி இருக்கிறது என்பது நம் பொறுப்பு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான சங்கடங்கள் வருகின்றன. “அமேசானிலேயே வைத்திருக்கிறோம், அப்புறம் என்ன பயம்?” என்று கேட்கிறவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

தனிக் கணக்கு, குழுக் கணக்கு

இத்தகைய நிறுவனங்களில் இரண்டு விதமான கணக்குகள் உண்டு. ஒன்று தனிக் கணக்கு. அது ஒரு ஆளுடையது. அவருடைய பெயர், மெயில், பாஸ்வேர்டு, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று டீம் எனப்படும் குழுக் கணக்கு. அது கடையுடையது. கடையின் பெயர், பில் முகவரி, பணம் கட்டும் கார்டு, யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல் ஆகியவை அதில் இருக்கும்.

நம் தொழிலில் இருக்கும் வித்தியாசம்தான் இதுவும். கணக்குப்பிள்ளையின் வீட்டு முகவரியில் கடை லைசென்ஸ் எடுக்கமாட்டோம். கடைக்கென்று லைசென்ஸ் எடுத்து, அதில் கணக்குப்பிள்ளையை வேலைக்கு வைப்போம். இணையத்திலும் அப்படியே கடையின் பெயரில் குழுக் கணக்கு திறந்து, அதற்குள் ஆட்களை அவரவர் தனிக் கணக்கோடு சேர்க்கவேண்டும். ஆள் போகும்போது குழுவிலிருந்து பெயரை நீக்கினால் போதும். கடை அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே ஒருவரின் தனிக் கணக்கில் தொடங்கிவிட்டீர்களா? கவலை வேண்டாம். ஹெரோகு போன்ற நிறுவனங்களில் தனிக் கணக்கில் இருக்கும் மென்பொருளைக் குழுக் கணக்குக்கு மாற்றித்தரும் வசதி அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தை இப்போது யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் செய்யமுடியும். அவர் பக்கத்தில் இருக்கும்போதே, நல்லுறவு இருக்கும்போதே செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

இலவசத் திட்டங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. வெர்செல் என்ற நிறுவனம் ‘ஹாபி’ என்று ஒரு இலவசத் திட்டம் வைத்திருக்கிறது. அது சொந்த உபயோகத்துக்கு மட்டுமே, வியாபாரத்துக்கு அல்ல என்பது அவர்களின் விதி. இணையதளம் செய்து தரும் ஆள், “அண்ணாச்சி, மாதச் செலவே இல்லை” என்று சொன்னால் எந்தத் திட்டத்தில் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். இடவாடகை மிச்சம் என்று புறம்போக்கில் கடை போட்டால், என்றைக்கு இடிப்பார்கள் என்று தெரியாமல் இருக்கவேண்டியதுதான்.

யாருக்கு எந்தச் சாவி?

கடையில் எல்லோருக்கும் எல்லாச் சாவியும் கொடுப்பதில்லை. கல்லாச் சாவி முதலாளியிடம், கிட்டங்கிச் சாவி சரக்கு பார்ப்பவரிடம், கடைப்பையனுக்கு எந்தச் சாவியும் இல்லை. குழுக் கணக்கிலும் இதே ஏற்பாடு உண்டு. பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக நான்கு படிகள் இருக்கும்.

உரிமையாளர் அல்லது அட்மின்: ஆட்களைச் சேர்க்கலாம், நீக்கலாம், பணம் கட்டும் முறையை மாற்றலாம், கணக்கையே மூடலாம். இது கடை முதலாளிக்கும், அவர் நம்பும் குடும்பத்தார் ஒருவருக்கும் மட்டும்.

உறுப்பினர்: மென்பொருளில் வேலை செய்யலாம், திருத்தலாம். இணையதளம் செய்பவருக்கு இது போதும். ஹெரோகுவில் ‘கொலாபரேட்டர்’ என்று சேர்க்கப்பட்டவர் புதிய மாற்றங்களை ஏற்றமுடியும். ஆனால் மென்பொருளை அழிக்கவோ, காசு போகும் கூடுதல் வசதிகளை வாங்கவோ முடியாது. வேலைக்காரருக்கு வேலை நடக்கவேண்டும், கடை கைமாறக்கூடாது என்ற நம் விருப்பத்துக்கு இது பொருத்தமானது.

பில் பார்ப்பவர்: கட்டணம், ரசீது மட்டும் தெரியும். ஆடிட்டர் அலுவலகத்துக்கு இது போதும்.

பார்வையாளர்: பார்க்கலாம், எதையும் தொடமுடியாது.

ஒரே பாஸ்வேர்டை நான்கு பேருக்குச் சொல்லிவைக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடவேண்டும். நான்கு பேருக்கு ஒரே சாவி என்றால், ஏதாவது நடந்தபிறகு யார் செய்தார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நல்லவர்கள் மேலும் சந்தேகம் விழும். தனித்தனிக் கணக்கு இருந்தால் யார் எப்போது உள்ளே வந்தார் என்பதைப் பதிவேட்டில் பார்க்கலாம். தனிச் சாவி கொடுப்பது வேலையாளை நம்பாததால் அல்ல, அவருக்கு வீண்பழி வராமல் காப்பதற்குத்தான்.

பெரிய சாவி

அமேசான் வெப் சர்வீசஸில் எந்த மெயிலைக் கொடுத்துக் கணக்குத் திறந்தோமோ, அதற்கு ‘ரூட் யூசர்’ என்று பெயர். நாம் பெரிய சாவி என்று வைத்துக்கொள்ளலாம். அதால் ஆகாதது எதுவும் இல்லை. அந்தக் கணக்கின் மெயிலை மாற்றுவது போன்ற சில வேலைகளை அதைக்கொண்டே செய்யமுடியும். அன்றாட வேலைக்கு அதை உபயோகிக்காதீர்கள் என்று அந்த நிறுவனமே வற்புறுத்துகிறது. தினசரி வேலைக்கு வேறு பெயரில் குறைந்த அதிகாரத்தோடு ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, பெரிய சாவியை இரும்புப் பெட்டியில் வைத்துவிடவேண்டும்.

பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் போதாது. இரண்டாவது பூட்டு அவசியம். பாஸ்வேர்டு போட்டபிறகு, செல்போனில் உள்ள ஒரு ஆப் காட்டும் ஆறு இலக்க எண்ணையும் போட்டால்தான் கதவு திறக்கும். ரூட் யூசருக்கு இந்த இரண்டாவது பூட்டை 2024 முதல் அமேசான் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. எஸ்.எம்.எஸ். மூலம் வரும் ஓ.டி.பி.யைவிட ஆப் நல்லது. சிம் தொலையலாம், நம்பர் கைமாறலாம். உபயோகிக்காமல் துண்டிக்கப்பட்ட நம்பரை, 90 நாள் கழிந்தபின் டெலிபோன் கம்பெனி வேறொருவருக்குக் கொடுக்கலாம். என் கதையில் வந்த பழைய சிம் அப்படிப்பட்டதுதான்.

செல்போனே தொலைந்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் ‘மீட்பு எண்கள்’ என்று ஒரு பட்டியல் தருகின்றன. அதைக் காகிதத்தில் அச்சடித்து, கடைப் பத்திரத்தோடு வைக்கவேண்டும். செல்போனில் படமாக எடுத்து வைத்தால், போன் தொலையும்போது அதுவும் தொலையும். அமேசானில் ஒரே ரூட் கணக்குக்கு 8 சாதனங்கள் வரை பதிந்துகொள்ளலாம். ஆகவே முதலாளியின் போனில் ஒன்று, மகன் அல்லது மனைவியின் போனில் ஒன்று என்று வைப்பது நல்லது. முதலாளி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் கடை நிற்கக்கூடாது அல்லவா? நமக்குப் பிறகு யார் என்பதையும் சேர்த்து யோசிப்பதுதான் குடும்பத் தொழிலின் பலம்.

எந்த மெயிலில் திறப்பது என்பதும் முக்கியம். கடைக்கென்று தனி மெயில் வேண்டும், அதை வாரம் ஒருமுறையாவது திறந்து பார்க்கவேண்டும். தனிநபர் கூகுள் கணக்கு இரண்டு வருடம் உபயோகிக்கப்படாமல் கிடந்தால் அதை நீக்கலாம் என்ற விதியை அந்த நிறுவனம் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. இன்னொன்றும் கவனிக்கவேண்டும். கடையின் சொந்த இணையப் பெயரில் உள்ள மெயிலைக் கொடுத்து, அந்த இணையப் பெயருக்கே கணக்குத் திறந்தால், பெயர் நின்றுபோகும் அன்று மெயிலும் நின்றுபோகும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

போனவரிடம் சாவி இருந்தால்

சிறு கடைக்காரர்களுக்குத்தான் இந்தக் கவனக்குறைவு என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளர் 2018 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். ஐந்து மாதம் கழித்து, அதே வருடம் செப்டம்பர் 24 அன்று, அனுமதியில்லாமல் அந்த நிறுவனத்தின் கிளவுட் கணக்குக்குள் புகுந்து 456 கணினி இயக்கங்களை அழித்தார். அவர்களுடைய சேவையில் 16,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் கணக்குகள் இரண்டு வாரம் வரை முடங்கின. சரிசெய்த செலவும், வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பணமும் சேர்ந்து 24 லட்சம் டாலர் அளவுக்கு ஆனது. 2020-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். தண்டனை கிடைத்தது உண்மை. ஆனால் போன ஆள் ஐந்து மாதம் கழித்தும் உள்ளே வரமுடிந்தது என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது.

ஆகவே, ஒருவர் வேலையை விடும் அன்றே குழுவிலிருந்து பெயரை நீக்கவேண்டும். அதோடு வேலை முடியாது. மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ள ‘அக்சஸ் கீ’, ‘டோக்கன்’ என்ற தனிச் சாவிகள் உண்டு. பாஸ்வேர்டை மாற்றினாலும் இவை தானாகச் செத்துப்போவதில்லை. முன்கதவுப் பூட்டை மாற்றிவிட்டுக் கொல்லைக் கதவுப் பூட்டை அப்படியே விட்ட மாதிரி ஆகிவிடும். கணக்கு அமைப்பில் இவற்றின் பட்டியல் இருக்கும். போனவர் உண்டாக்கியவற்றை ரத்து செய்து, புதியவை போட்டுக்கொள்ளவேண்டும். எதற்கு உபயோகமாகிறது என்று பார்க்காமல் ரத்து செய்தால் பில் மெஷின் நின்றுபோகலாம். ஆகவே விவரம் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எல்லாச் சரக்கும் ஒரே அறையில்

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்தது நமக்கெல்லாம் பாடம். மற்ற நிறுவனங்களின் மென்பொருளைப் பத்திரமாக வைத்துக் காக்கும் தொழில் அது. ஒருவன் அவர்களுடைய அமேசான் கணக்குக்குள் நுழைந்து பணம் கேட்டான். அவர்கள் பாஸ்வேர்டை மாற்றினார்கள். ஆனால் அவன் அதற்கு முன்பே வேறு சில சாவிகளை உள்ளே செய்து வைத்திருந்தான். பாஸ்வேர்டு மாறுவதைப் பார்த்ததும் அழிக்க ஆரம்பித்துவிட்டான். சரக்கும் போனது. அதற்கு வைத்திருந்த நகலும் அதே கணக்கில் இருந்ததால் பெரும்பகுதி அதுவும் போனது. சுமார் 12 மணி நேரத்தில் நிறுவனம் தொழிலை மூடும் நிலைக்கு வந்தது, மூடியும் விட்டது.

இதற்கு நேர்மாறாக ஒன்று. ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் கணக்கு, 2024 மே மாதம் கூகுள் கிளவுட்டில் நேர்ந்த ஒரு அமைப்புப் பிழையால் அழிந்துபோனது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் சேமிப்பைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம் அது. உறுப்பினர்கள் பல நாட்கள் தங்கள் கணக்கைப் பார்க்கமுடியவில்லை. ஆனால் அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தார்கள். அது மீட்புக்குப் பெரிதும் கைகொடுத்தது, நிறுவனம் பிழைத்தது.

நமக்கு இதில் உள்ள பாடம் எளிமையானது. பற்றுக் கணக்கு, வாடிக்கையாளர் பட்டியல், சரக்கு இருப்பு ஆகியவற்றை வாரம் ஒருமுறையாவது நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். வேறு நிறுவனத்தின் கணக்காக இருக்கலாம், வீட்டில் வைத்த ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம். மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலைக் காகிதத்தில் அச்சடித்து வைக்கும் வழக்கத்தை நான் இப்போது மேற்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

பணம் கட்டும் இடம்

கணக்கு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் திருடன் அல்ல, கட்டப்படாத பில்தான். இதில் நான்கு விஷயங்களைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, கார்டு. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்க நாம் முதலில் ஒருமுறை ஒப்புதல் தந்திருக்கவேண்டும். பிடிப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் நமக்குத் தகவல் வரவேண்டும். இத்தகைய பில் ரூ.15,000-க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவை. அந்தத் தகவல் கடையை விட்டுப் போனவரின் போனுக்கு வந்தால் யார் ஒப்புதல் தருவது? கார்டு கடையின் வங்கிக் கணக்குடையதாகவும், நம்பர் நம்முடையதாகவும் இருக்கட்டும். கார்டு காலாவதியாகும் மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. இந்தச் சேவைக்கு 18 சதவீதம் வரி உண்டு. கணக்கின் வரி அமைப்புப் பக்கத்தில் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் பதிந்து, கடைப் பெயரில் பில் வந்தால்தான் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியும். தம்பியின் பெயரில் வரும் பில் நமக்கு வெறும் காகிதம். தொகுப்பு வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. நிறுவனம் வெளிநாட்டிலிருந்து நேரடியாக பில் போட்டால் வரியைக் கட்டும் பொறுப்பு நம்மிடம் வரலாம். இதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, செலவு எச்சரிக்கை. கரண்டு பில் போல இதுவும் ஓட ஓட ஏறும். இந்தத் தொகையைத் தாண்டினால் மெயில் அனுப்பு என்று அமைத்துவைக்கலாம். ஆனால் சாதாரணமாக அது மணி அடிக்குமே தவிர, மீட்டரை நிறுத்தாது. மணிச் சத்தம் கேட்டவர் எழுந்து போய்ப் பார்க்கவேண்டும்.

நான்காவது, இணையப் பெயர். கடையின் டொமைன் பெயரை வருடாவருடம் புதுப்பிக்கவேண்டும். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒரு டொமைன் பெயரைப் புதுப்பிக்க மறந்து, பலர் ஹாட்மெயிலுக்குள் போகமுடியாமல் தவித்தார்கள். அந்த நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். நமக்கு அப்படி ஒரு புண்ணியவான் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கடைப் பலகையில் நம் பெயர் இருந்து, பதிவில் இணையதளம் செய்தவர் பெயர் இருந்தால் பெயர் அவருடையது.

நம் பொறுப்பும் இருக்கிறது

வாடிக்கையாளர்கள் நம்மை நம்பித் தங்கள் பெயர், முகவரி, போன் நம்பர், பாக்கி விவரம் ஆகியவற்றைக் கொடுத்திருக்கிறார்கள். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விவரங்களைக் காக்கும் பொறுப்பை அவற்றை வாங்கி வைத்திருப்பவர் மேல் வைக்கிறது. வேலையை வெளி ஆளிடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி விலகிக்கொள்ள முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாலு வீட்டுப் பாக்கி விவரம் ஊருக்குத் தெரிந்துவிட்டால், நாளைக்கு எந்த முகத்தோடு கல்லாவில் உட்காருவது?

இந்த வாரமே செய்யவேண்டியவை

1. கடையின் இணையதளம், பில் மென்பொருள், டொமைன் பெயர், கடை மெயில் ஆகிய ஒவ்வொன்றும் எந்த நிறுவனத்தில், யார் பெயரில், எந்த மெயிலில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதமுடியாமல் காலியாக நிற்கும் கட்டம்தான் முதலில் கவனிக்கவேண்டிய இடம்.

2. வேறொருவரின் தனிக் கணக்கில் இருப்பதைக் கடையின் குழுக் கணக்குக்கு மாற்றுங்கள். உதவி செய்தவரைக் கோபிக்காமல், காபி கொடுத்து உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து மாற்றுங்கள்.

3. முதலாளி, குடும்பத்தார் ஒருவர் என இரண்டு அட்மின்கள் போதும். மற்றவர்களுக்கு வேலைக்குத் தேவையான அளவு அதிகாரம் கொடுங்கள்.

4. எல்லோருக்கும் இரண்டாவது பூட்டு போடுங்கள். மீட்பு எண்களை அச்சடித்து இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

5. உறுப்பினர் பட்டியலைத் திறந்து பாருங்கள். வேலையை விட்டவர்களின் பெயர்களையும் அவர்கள் உண்டாக்கிய சாவிகளையும் நீக்குங்கள்.

6. கார்டு, ஜி.எஸ்.டி. எண், செலவு எச்சரிக்கை, டொமைன் காலாவதித் தேதி ஆகிய நான்கையும் சரிபாருங்கள்.

7. பற்றுக் கணக்கின் நகலை வேறிடத்தில் வையுங்கள். அது திறக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் அரை நாள் போதும், பெரிய செலவும் இல்லை. கம்ப்யூட்டர் தெரியாது என்று ஒதுங்கவேண்டாம். பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கவேண்டியவர் முதலாளிதான்.

எங்கள் கடையில் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதி இரவு, நானும் என் மகளும் கல்லாக் கணக்கை முடித்தபிறகு உறுப்பினர் பட்டியலையும் பில்லையும் ஒருமுறை திறந்து பார்க்கிறோம். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். பெங்களூர்த் தம்பி இன்றும் வேண்டிய திருத்தங்களைச் செய்து தருகிறார், உறுப்பினராக, அவருடைய சொந்தச் சாவியில். பட்டியலைப் பார்த்து முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்து, ஷட்டரை இறக்கி, வழக்கம்போல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறோம்.